போகலாம் என்று ஆன பிறகு

அன்புள்ள ஐயா,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இப்போது திருவனந்தபுரத்தில் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். நவீன வாழ்க்கை வளர வளர மதத்தின் செல்வாக்கு குறையும் என்ற செக்யூலரைசேஷன் கோட்பாட்டை வகுப்பில் நடத்தினார்கள். வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்தால் வழியெல்லாம் திருவிழாப் பந்தலும், சிலுவை வைத்த குருசடிகளின் விளக்கும்தான். ஆனால் மான்செஸ்டர் பக்கம் நர்ஸாக இருக்கும் என் அக்கா, தன் தெருமுனைச் சர்ச் இப்போது கார்ப்பெட் கடை என்கிறாள். எது உண்மை? இந்தக் கோட்பாடு நம் ஊருக்குப் பொருந்தாது என்று கட்டுரையில் எழுதிவிடலாமா?

ச., பாறசாலை

அன்புள்ள ச.,

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் அவசரப்பட்ட பெரிய அறிஞர்களே பின்னால் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். 1968-இல் சமூகவியல் அறிஞர் பீட்டர் பெர்கர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கணிப்பைச் சொன்னார். 21-ஆம் நூற்றாண்டில் மதநம்பிக்கையாளர்கள் அங்கங்கே சிறு குழுக்களாக ஒண்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்றார். அடுத்த 11 ஆண்டுகளில் ஈரானில் புரட்சி வந்தது. அப்புறம் போலந்தில் தொழிலாளர்கள் எழுந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை அவர்களுக்குப் பின்னால் நின்றது. 1999-இல் தான் தொகுத்த நூலில், தானும் மற்றவர்களும் முன்பு எழுதியது அடிப்படையிலேயே பிழை என்று பெர்கர் ஒப்புக்கொண்டார். எந்தக் கருத்தால் பெயர் பெற்றாரோ அதையே தவறு என்று சொல்லும் மனம் எளிதில் வருவதில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் உங்கள் அக்கா சொல்வதும் உண்மை. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னவர்கள் 2001-இல் 72 சதவீதம் இருந்தார்கள். 2021-இல் 46 சதவீதம். மதம் இல்லை என்றவர்கள் 37 சதவீதம். கோட்பாடு சாகவில்லை என்று ஸ்டீவ் புரூஸ் போன்ற சமூகவியலாளர்கள் இன்றும் வாதாடுவது இந்தக் கணக்கைக் காட்டித்தான்.

எனக்கு வழி காட்டியவர் ஹோசே காசநோவா என்ற சமூகவியலாளர். 1994-இல் அவர் சொன்னது இது. செக்யூலரைசேஷன் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதில் மூன்று சரக்கு இருக்கிறது. அரசு, சட்டம், கல்வி, பொருளாதாரம் எல்லாம் மதத்தின் பிடியிலிருந்து பிரிவது ஒன்று. நம்பிக்கை குறைவது இன்னொன்று. மதம் பொதுவெளியை விட்டு வீட்டுக்குள் ஒதுங்குவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மூட்டையைப் பிரித்துவிட்டு நம் ஊரைப் பாருங்கள். பாறசாலையும் குமரியும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கோவில் என்றால் சாமி மட்டும் இல்லை. வயல், நெல், குத்தகை, அதிகாரம் எல்லாம் அதுதான். 1810-களின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது நூற்றுக்கணக்கான கோவில்களின் நிலங்கள் அரசின் கைக்குப் போயின. அந்த நிலத்துக்கு ஈடாகக் கொடுத்துவந்த பணத்தின் தடம் இன்றும் அரசியல் சட்டத்தில் 290-ஏ பிரிவாக இருக்கிறது. கேரளம் ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கோவில்களைப் பராமரிக்கும் தேவஸ்வ நிதிக்குத் தர வேண்டும். 1956 நவம்பர் 1-இல் குமரிப் பக்கம் தமிழ்நாட்டுக்கு, பாறசாலைப் பக்கம் கேரளத்துக்கு என்று நம்மை இரண்டாகப் பிரித்தபோது கோவில் கணக்கையும் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தின் மேல் கோவிலுக்கு இருந்த பிடி அப்படிப் போனது.

மனிதர்கள் மேல் இருந்த பிடி லேசில் விடவில்லை. என் பாட்டாவுக்குச் சின்ன வயதில் சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க அனுமதி இல்லை. அவருடைய நம்பிக்கை என்ன என்று யாரும் கேட்கவில்லை. பிறப்பைப் பார்த்துத் தடுத்தார்கள். வைக்கத்தில் 1924-இலும் சுசீந்திரத்தில் 1926-இலும் சத்தியாகிரகம் நடந்து, 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. பாட்டா ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தார். அப்புறம் போகவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போலாம்னு ஆனபெறவுதானே மக்கா, போகாம இருக்கவும் பற்றும்" என்றார். பற்றும் என்றால் முடியும்.

எத்தனையோ புத்தகம் படித்த பிறகும் எனக்கு இந்த ஒரு பேச்சுதான் மிஞ்சுகிறது. அதனால் மதத்தின் செல்வாக்கை அளக்க நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். அது உன்னை எதிலிருந்து தடுக்க முடியும்? எதற்காக நீயே அதைத் தேடிப் போகிறாய்? முதலாவது செல்வாக்கு நம் பக்கம் பாட்டா காலத்திலிருந்து வெகுவாகச் சரிந்திருக்கிறது. அதற்காக நான் ஒரு நாளும் வருந்த மாட்டேன். அதைச் சரித்ததில் சாமி கும்பிட்டவர்கள் பங்கே பெரிது என்பதையும் கட்டுரையில் சேருங்கள். அய்யா வைகுண்டர் நாத்திகர் இல்லை, சாதித் தடையை மீறி 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நட்ட நாராயண குருவும் இல்லை.

இரண்டாவது செல்வாக்கு குறைந்ததாகத் தெரியவில்லை. பிப்பா நாரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். நாளைக்குச் சோறு, மருந்து, உயிர் நிச்சயம் என்று இருக்கும் இடத்தில் மதம் தளரும், நிச்சயம் இல்லாத இடத்தில் நிலைக்கும் என்றார்கள். படிப்பும் ஆஸ்பத்திரியும் நிறைந்த கேரளமும் குமரியும் இதற்கு விலக்கு என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2017 ஒக்கி புயல் வரைக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை தொடங்கிப் பூந்துறை வரை கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எந்த வள்ளத்தில் யார் போனார், எந்த வீட்டில் யார் இல்லை என்ற பட்டியல் முதலில் பங்குகளில், அதாவது ஊர்ச் சர்ச்சுகளில்தான் உருவானது. அரசின் எண்ணிக்கையும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது பங்குத்தந்தையர் கூடவே இருந்தார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க ஒரு தாய்க்குப் போக்கிடம் சர்ச் முற்றம்தான் என்றால், அங்கே மதம் எப்படித் தளரும்? அரசு நேரத்துக்கு வந்து சேராத இடத்தில் எல்லாம் மதம் முன்பே வந்து நிற்கிறது. வளைகுடா விசாவை நம்பி வாழும் வீட்டுக்கும் இதேதான்.

காசநோவாவின் மூன்றாவது சரக்கான, மதம் வீட்டுக்குள் ஒதுங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். எல்லையில் களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் விடைகொடுக்க, கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கிறது. சாலையில் நின்று பார்த்தாலே போதும்.

முதல் கேள்வி முழுக்கத் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. கல்யாணத்தைப் பாருங்கள். சர்ச்சில் மூன்று ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், சொந்தப் பங்கிலிருந்து கடிதம் வர வேண்டும். கோவில் பக்கம் தலைக்கட்டு வரி பாக்கி இருந்தால் ஊர் முகம் திருப்பிக்கொள்ளும். தடுக்கும் சக்தி இன்னும் உயிரோடு இருப்பது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் சாதிக்குக் காவலாக. நீங்கள் கள ஆய்வுக்குப் போவதானால் பந்தல்களை எண்ண வேண்டாம், அந்தக் கடிதங்களைத் தேடிப் போங்கள்.

அக்காவிடமும் ஒன்று கேட்க வேண்டும். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பிரஸ்டன் நகரில் புனித இக்னேஷியஸ் ஆலயம் ஆள் இல்லாமல் 2014-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அதைக் கேரளத்துக் கத்தோலிக்கப் பிரிவான சீரோ மலபார் சபையினருக்குக் கொடுத்தார்கள். 2016-இலிருந்து அது அல்போன்சா கதீட்ரல். இங்கிலீஷ்காரர் விட்டுப் போன பெஞ்சில் நம் பக்கத்து நர்ஸுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் டேவிட் வோஸ், அலஸ்டர் கிரக்கெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005-இல் பிரிட்டனைப் பற்றி ஒன்று எழுதினார்கள். அப்பா அம்மா இருவருமே மதநம்பிக்கை உள்ளவர்களாக இருந்தாலும், அது பிள்ளைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். பெரியவர்கள் நம்பிக்கையை விடுவதில்லை, பிள்ளைகள் எடுத்துக்கொள்வதில்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா? இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.