சாட்சி சொல்வதற்கு முந்திய நாட்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்துகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். புறக்கோட்டையில் என் கணவர் நடத்திய துணிக்கடையை 2022இல் மூட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் வீட்டில் தையல் செய்துகொண்டு அவரையும் பார்க்கிறேன். ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் ‘ஆண்டவர் உங்களைப் பொன்னைப்போலப் புடமிடுகிறார், விசுவாசத்தில் வளருவீர்கள்’ என்கிறார்கள். அண்ணா, நான் வளரவில்லை, மோசமாகிவிட்டேன். போன கிழமை அவர் கஞ்சியைப் படுக்கையில் கொட்டிவிட்டார். கத்திவிட்டேன். அவர் இடது கையால் துடைக்கப் பார்த்தார். நான் உதவாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். செவ்வாய்க்கிழமைகளில் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை இருக்கச் சொல்லிவிட்டுக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போகிறேன். மெழுகுதிரி ஏற்றுகிறேன், ஜெபம் வருவதில்லை. கஷ்டம் மனிதரை மாற்றும் என்கிறார்களே, என்னை ஏன் இப்படி மாற்றியிருக்கிறது? என் விசுவாசம் பொய்யா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கஞ்சியிலிருந்தே தொடங்குகிறேன். இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். என் அம்மாவைப் பார்த்த காலத்தில் எனக்கும் அது பழக்கம். அப்படித் தூக்கம் கெட்டு, பகல் முழுக்கத் தையல் மெஷினில் இருக்கிற ஒருவர் கத்தியதை நான் விசுவாசக் குறைவு என்று சொல்லமாட்டேன். அது களைப்பு. கணவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், கேட்டிருப்பீர்கள்.

தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவர், அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்போது வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்றான். கடவுள் அவரோடு பேசியது பிறகுதான். முதலில் சாப்பாடு, தூக்கம், திரும்பவும் சாப்பாடு. (நான் மெதடிஸ்ட் வீட்டில் பழைய மொழிபெயர்ப்போடு வளர்ந்தவன். உங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும்.)

உங்கள் ஜெபக்கூட்டத்துச் சகோதரிகளை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படிப் பேசியவன்தான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழமை நம் பக்கத்தில் வெள்ளைக்கொடி கட்டாத ஒழுங்கை இருந்ததா? அப்படி ஒரு வீட்டுக்கு நானும் போனேன். மகனைப் பறிகொடுத்த தாய். என்ன சொல்வதென்று தெரியாமல், ‘ஆண்டவருக்கு இதிலும் ஒரு திட்டம் இருக்கும் அக்கா’ என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வருடம் கழித்து 2022 மே மாதம், நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்த நேரம். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் எப்போது வரும் போகும் என்றும் இல்லை. கஞ்சி காய்ச்சுவதற்காகத் தொடர்மாடி பல்கனியில் பழைய கதிரையை உடைத்து எரித்தேன். அந்த நாட்களில் ஒருவர் வந்து, அன்போடுதான், அதே சொல்லை எனக்குச் சொன்னார்: ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும். அந்தச் சொல் எங்கே போய்க் குத்துகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டில் ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் இருந்தார். பெட்ரோல் இல்லாமல் அவருக்கே தொழில் இல்லை. ஒருநாள் விடியற்காலையில் கதவைத் தட்டி, ‘நீங்க அம்மாவோட இருங்க, சிலிண்டரை நான் பார்க்கிறேன்’ என்று எங்கள் வெற்றுச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கோத்து வீதியோரம் வரிசையாக வைத்திருந்ததே, அந்த வரிசையில் இரண்டு பகல், ஒரு இரவு நின்றார். என் வாழ்க்கையில் தலைமாட்டில் வந்த அடை அதுதான்.

அம்மா ஒக்டோபரில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் நான் அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘அன்றைக்கு நீங்கள் எழும்பிப் போன பிறகு, நீங்கள் இருந்த கதிரையைத் தூக்கி வெளியே வைத்தேன் தம்பி’ என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

கஷ்டம் உங்களை மாற்றியதா என்று யாராவது என்னைக் கேட்டால், கைகாட்ட எனக்கு இருக்கிற ஒரே மாற்றம் இது: இன்னொருவருடைய வேதனைக்கு நான் இப்போது அர்த்தம் சொல்வதில்லை. வேறெதுவும் பெரிதாக வளர்ந்ததாகத் தெரியவில்லை. அம்மாவை இழந்த கோபம்கூட முழுதாகப் போகவில்லை.

உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று ரோமருக்கு எழுதிய பவுல், தன்னையும் சேர்த்துத்தான் அதைச் சொல்கிறார். ஒன்றுகுறைய நாற்பதடியை ஐந்து தரம் வாங்கியவர், மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தவர். தன் முதுகைத் தொட்டுக்கொண்டு அவர் சொன்னதை நாம் இன்னொருவருடைய முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கத்திய யோபுவோடு அல்ல, தன்னைப் பற்றி விளக்கம் சொன்னவர்களோடு.

இன்னொன்றும் கவனித்தேன். ஜெபக்கூட்டத்தில் ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல முன்னுக்கு வருகிறவர்கள், கஷ்டம் முடிந்த பிறகு வருகிறவர்கள். வேலை கிடைத்தது, சுகமானது, கடன் தீர்ந்தது. நீங்கள் இருக்கிற நடுப்பகுதியிலிருந்து யாரும் மைக்கைப் பிடிப்பதில்லை. அதனால் நடுவில் இருப்பவருக்குத் தான் மட்டும் தோற்றதாகத் தோன்றுகிறது. நடுவில் இருந்தவர்கள் இல்லாமலா? 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், உங்களுக்குத் திருப்பாடல் 88. புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. கொச்சிக்கடையில் ஜெபம் வராத செவ்வாய்க்கிழமைகளில் அதை வாய்க்குள் வாசியுங்கள், போதும். மெழுகுதிரி ஏற்றிவிட்டுச் சும்மா நின்றாலும் போதும்.

விசுவாசம் பொய்யா என்று கேட்டீர்கள். அவர் இடது கையால் துடைத்ததையும் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றதையும் ஒரு சாக்கும் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். பொய்யான விசுவாசத்துக்கு அப்படி எழுத வராது. அது சாட்சிதான் எழுதும்.

நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? அதே உயிர்த்த ஞாயிறன்று அங்கும் குண்டு வெடித்தது, அன்றைய இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகப்பட்ட சீடர் தோமா ஞாபகம் வருவார். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் தோமாவுக்குக் காட்டியது காயத்தைத்தானே.

சரி, ஒரு காரியம் செய்யுங்கள். அந்தச் சகோதரிகளிடம் ஜெபிக்கச் சொல்வதோடு, கிழமையில் ஒருநாள் மூன்று மணித்தியாலம் வந்து அவரோடு இருக்க முடியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மறுக்கமாட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் பலர் வசனம் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு வியாழக்கிழமை பின்னேரம் வேலை இல்லை. விலாசத்தைத் தனியாக எழுதி அனுப்புங்கள், நானும் மனைவியும் வருகிறோம். நான் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். நீங்கள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அன்புடன்,
அண்ணா