கடலில் நீலமாக மின்னிய தண்ணீர் தருமபுரி வந்ததும் ஏன் மின்னவில்லை?

திருவான்மியூர் அலையில் மின்னிய தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தும் வீட்டில் இருட்டாகவே இருக்கிறது என்கிறீர்கள். மின்னுவது தண்ணீரல்ல, அதிலுள்ள நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். ஜவ்வரிசியைவிடச் சிறியது, பெரும்பாலும் 1 மி.மீ.க்குள்தான்.

அலை அதை அழுத்தியதும் செல்லுக்குள் ஒரு மின்துடிப்பு ஓடும். உள்ளிருக்கும் அமிலப் பையிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் சிண்டிலான் என்ற நுண்பொட்டுகளுக்குள் பாயும். அங்கே பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) 8-லிருந்து 6-க்கு இறங்கியதும் லூசிஃபெரேஸ் நொதி லூசிஃபெரின் என்ற ஒளிதரும் பொருளை ஆக்சிஜனோடு சேர்க்கும், சுமார் 0.1 நொடி நீல வெளிச்சம். ஏறக்குறைய சூடே இல்லாத வெளிச்சம், எவ்வளவு அற்புதம்!

பஸ் குலுக்கலில் அந்த லூசிஃபெரின் இருப்பு தீர்ந்துவிடும், வெக்கையில் அந்த உயிரும் சாகும். அடுத்த முறை பாட்டிலில் ஈரத்துணி சுற்றி, அசையாமல் எடுத்து வாருங்கள். விளக்கணைத்து 15 நிமிடம் கண் பழகியபின் லேசாகச் சுழற்றுங்கள். கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரை மட்டும் கலக்காதீர்கள். உப்பு குறைந்தால் செல் ஊதிச் செத்துவிடும்.