உமிச் சாம்பல் சிமெண்ட் ஆகுமா?

கேள்வி: அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பலை கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பதிலாகக் கலக்கலாம், கூடவே நானோ சிலிக்கா சேர்த்தால் பலமும் கூடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். முழுச் சிமெண்டுக்கும் பதிலாக அல்ல, அதில் ஒரு பங்குக்குத்தான். சாம்பல் தனியாக இறுகாது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உபரியாக உருவாகும். அந்தச் சுண்ணாம்பால் பலத்துக்குப் பெரிய லாபம் இல்லை. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, சிமெண்ட் தருகிற அதே வகைப் பசையாக மாற்றுகிறது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கட்டியதும் இதே வேதியியல்தான்.

ஆனால் எந்தச் சாம்பல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உமியைச் சுமார் 600, 700 டிகிரிக்குள் கட்டுப்படுத்தி எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் நிற்கும், அதுதான் வேலை செய்யும். சூடு எகிறி நெடுநேரம் எரிந்தால் படிகமாகி, கிட்டத்தட்ட மணல் மாதிரி சும்மா கிடக்கும். சரியாக எரியாமல் கருப்பாக இருந்தால் அதில் கரி மிச்சம், அது தண்ணீரையும் கலவையில் ஊற்றும் ரசாயனத்தையும் குடித்துவிடும். வெளுத்திருப்பதாலேயே நல்ல சாம்பல் என்றும் சொல்ல முடியாது, படிகமான சாம்பலும் வெளுப்பாக இருக்கும்! அப்புறம் நைசாக அரைக்க வேண்டும். கரும்புச் சக்கைச் சாம்பலுக்கும் இதெல்லாம் பொருந்தும், அதில் மண்ணும் மணலும் வேறு கலந்து வரும்.

அளவு? நல்ல உமிச் சாம்பல் என்றால் சிமெண்ட் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டிப் போகப் போகக் கலவை வறண்டு, கையாள முடியாமல் போகும், உடனே மேஸ்திரி தண்ணீரை ஊற்றுவார், பலம் அங்கேயே போய்விடும். தண்ணீருக்குப் பதில் சூப்பர் பிளாஸ்டிசைசர்தான், அதாவது தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்தான், ஊற்ற வேண்டும்.

நானோ சிலிக்கா என்பதும் சிலிக்காதான், துகள் மட்டும் 100 நானோமீட்டருக்கும் கீழே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். சாம்பல் மெதுவாக வேலை செய்வதால் ஆரம்ப நாட்களில் பலம் பின்தங்கலாம், அதை ஈடுகட்டத்தான் இதைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம் போதும். பொடியாக அப்படியே கொட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும், அப்புறம் அது நானோவே இல்லை. தண்ணீரில் நன்றாகப் பிரித்துக் கலக்க வேண்டும், ஆய்வகத்தில் இதற்கு அல்ட்ராசானிக் கருவி வைத்திருப்பார்கள். விலையும் அதிகம், ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவருக்கு என் யோசனை, முதலில் சாம்பலைச் சரியாக அரையுங்கள், நானோவை மறந்துவிடுங்கள்.

எதுவானாலும் நேராகக் கூரைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே சாம்பல், அதே மணல், அதே ஜல்லியில் சோதனைக் கட்டிகள் வார்த்து, 7, 28 நாளோடு 56ஆம் நாளும் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். க்யூரிங்கையும், அதாவது கான்கிரீட் காயாமல் ஈரமாக வைத்திருப்பதையும், வழக்கத்தைவிடச் சில நாள் கூட்டியே செய்யுங்கள்.