சாரமும் சக்கையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 32 வயது, மென்பொருள் துறையில் இருக்கிறேன். ஐந்தாறு வருடங்களாகத் தொடர்ந்து வாசிக்கிறேன். வரலாறு, பொருளியல், உளவியல் என்று. இலக்கியம் பக்கம் வந்ததில்லை. ஒரு நண்பர் விடாமல் நச்சரித்ததால் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' எடுத்தேன். உண்மையைச் சொன்னால், அது ஒல்லியாக இருந்ததால்தான் எடுத்தேன்.

இரண்டு நாளில் முடித்தேன். நீதித்துறையில் நல்ல பதவியில் இருக்கும் ஒருவர் நோயில் விழுகிறார், வேதனைப்படுகிறார், தான் வாழ்ந்தது சரியான வாழ்க்கை இல்லை என்று கடைசியில் உணர்கிறார், இறந்துபோகிறார். எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தான், ஆகவே போலியாக வாழக் கூடாது. இது எனக்கு ஏற்கெனவே தெரியும். பிறகு ஒரு செயலியில் அந்தக் கதையின் சுருக்கத்தைப் பார்த்தேன். பத்தே வரி. நூறு பக்கத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது எல்லாமே அதில் இருந்தது.

நண்பரிடம் சொன்னேன். "உனக்கெல்லாம் இலக்கியம் புரியாது" என்று கோபித்துக்கொண்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை ஐயா. இலக்கியம் என்றால் உண்மையில் என்ன? கதைதான் என்றால் தொலைக்காட்சித் தொடரிலும் கதை இருக்கிறது. உண்மைக்கு வரலாறு இருக்கிறது, கருத்துக்குத் தத்துவம் இருக்கிறது. இலக்கியம் வாசித்தால் பிறரைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுவதாக ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அதுதான் பயனா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

'ஒல்லியாக இருந்ததால்' என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதிலேயே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. பலரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம், வெளியே சொல்வதில்லை.

ஆனால் நான் நின்றுவிட்டது வேறொரு வரியில். 'இது எனக்கு ஏற்கெனவே தெரியும்.'

அந்தக் கதையின் நடுவில் ஓர் இடம் வரும். படுக்கையில் கிடக்கும் இவான் இலியிச்சுக்கு, மாணவப் பருவத்தில் தர்க்கப் பாடத்தில் படித்தது ஞாபகம் வருகிறது. காயஸ் ஒரு மனிதன்; மனிதர்கள் இறப்பவர்கள்; ஆகவே காயஸ் இறப்பவன். இது சரி என்பது வாழ்நாள் முழுக்க அவருக்குத் தெரியும். காயஸ் விஷயத்தில் சரி. ஆனால் அவர் காயஸ் இல்லையே! அவர் அம்மாவின் குட்டி வான்யா. சின்ன வயதில் கோடு போட்ட தோல் பந்து ஒன்று வைத்திருந்தாரே, அதன் வாசனை காயஸுக்குத் தெரியுமா? காயஸ் இப்படி அம்மாவின் கையில் முத்தமிட்டிருக்கிறானா? அவளுடைய பட்டுடை சரசரப்பதைக் கேட்டிருக்கிறானா? காயஸ் சாகலாம், அது நியாயம். வான்யா எப்படிச் சாக முடியும்?

பத்து வரிச் சுருக்கத்தில் உங்களுக்குக் கிடைத்தது காயஸின் மரணம். மனிதர்கள் இறப்பவர்கள் என்ற வாக்கியம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இவான் இலியிச்சுக்கும் ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்தும் அது அவருக்குத் துளியும் உதவவில்லை. 'எனக்குத் தெரியும்' என்கிறவருக்கு என்ன தெரியாது என்பதுதான் அங்கே கதையே. அந்தக் கதாபாத்திரத்தின் வாக்கியத்தையே நீங்கள் எனக்குக் கடிதமாக எழுதியிருக்கிறீர்கள். (கேலி இல்லை. அந்த வயதில் எனக்கும் அதெல்லாம் தெரிந்திருந்தது.)

தமிழில் பட்டறிவு என்று ஒரு சொல் இருக்கிறது. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பதை ஒருவர் சொன்னாலே போதும், வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவமானம், பொறாமை, ஒருவரை இழப்பது, தான் செய்த தப்பைத் தானே பார்ப்பது இவற்றையெல்லாம் அப்படி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. பட்டால்தான் உண்டு. படிப்பறிவு வேறு, பட்டறிவு வேறு என்று நாம் பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். படித்தே படுவது என்று ஒன்று இருக்கிறது. நான் இலக்கியம் என்று சொல்வது அதைத்தான். மொழி வழியாக ஒன்றைப் பட்டுப் பார்ப்பது. பட்டதை யாராலும் சுருக்கித் தர முடியாது. உங்களுக்குப் பதிலாக ஒருவர் நீச்சல் பழகிவிட்டு வந்து சாரத்தைச் சொல்ல முடியாது அல்லவா?

சுருக்கத்தில் விட்டுப்போனதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயம். இறந்துபோன இவான் இலியிச்சின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த நண்பர் பியோத்தர் இவானோவிச், ஸ்பிரிங் கெட்டுப்போன ஒரு குட்டை இருக்கையில் உட்கார்கிறார். விதவையின் கறுப்புச் சால்வை மேஜையின் செதுக்கு வேலைப்பாட்டில் மாட்டிக்கொள்கிறது. விடுவிக்கலாம் என்று இவர் எழுந்தால், ஸ்பிரிங் எம்பி இவரைத் தள்ளுகிறது. உட்கார்ந்தால் மறுபடி முரண்டு பிடிக்கிறது. அவள் அழுவதற்குத் தயாராகிறாள், இவர் அனுதாபமான முகம் ஒன்றைத் தயார் செய்கிறார், நடுவில் இந்த ஸ்பிரிங். அங்கே நடக்கும் துக்கம் பாதி நடிப்பு என்று டால்ஸ்டாய் எழுதியிருந்தால் அது ஒரு கருத்து. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு நாம் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்பிரிங்கிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. முதலில் சிரிப்பு வருகிறது. சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று கூசுகிறது. நாமும் எத்தனை வீடுகளில் இப்படி முகத்தைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. சுருக்கம் எழுதுகிறவர் சக்கை என்று தூக்கிப் போடுவது இதை.

கவிதையில் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். குறுந்தொகையின் 40ஆம் பாடலைச் சுருக்கினால், 'முன்பின் அறியாத நம் இருவர் நெஞ்சமும் அன்பால் கலந்துவிட்டன' என்று வரும். வாழ்த்து அட்டையில் அச்சடிக்கலாம். செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமை வந்தபிறகுதான் அது கவிதை. எழுதியவரின் சொந்தப் பெயர் தொலைந்து, அந்த உவமையே 'செம்புலப்பெயனீரார்' என்று அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுவதைக் கண்டு அவன் சொன்னது என்கிறது பாடலுக்கான பழைய குறிப்பு. மண்ணும் நீரும் கலந்த மாதிரி, இனிப் பிரிக்க முடியாது என்று தேற்றுகிறான். சரி, அந்தச் செந்நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்துப் பாருங்கள். மறுநாள் மண் அடியில் தங்கி, நீர் மேலே தெளிந்து நிற்கும். அவன் ஆறுதலுக்கு எடுத்த உவமைக்குள்ளேயே அவளுடைய பயமும் இருக்கிறது. கவிஞர் இதை நினைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. உவமைக்குத் தெரிந்திருக்கிறது.

நல்ல படைப்புக்கு அதை எழுதியவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அன்னா கரேனினாவின் ஆரம்ப வரைவுகளில் அன்னாவிடம் டால்ஸ்டாய்க்கு இவ்வளவு பரிவு இல்லை. எழுத எழுத நாவல் அவரைத் திருத்தியது. கருத்துரைக்கு அந்த வசதி கிடையாது. சொல்கிறவருக்குத் தெரிந்தது மட்டும்தான் அதில் இருக்கும்.

தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதைப் பின்னணி இசை முடிவு செய்துவிடுவதால் நமக்கு அங்கே வேலை இல்லை. பொழுதுபோக்கு குற்றம் என்று சொல்ல மாட்டேன். நானே துப்பறியும் கதைகளை விழுந்து விழுந்து படிப்பவன். தத்துவத்துக்கும் இலக்கியத்துக்கும் பழைய பங்காளிச் சண்டை. பிளேட்டோ தன் லட்சிய அரசுக்குள் கவிஞர்களை விடக் கூடாது என்றார்; கவிதை மனிதர்களைக் கலக்கிவிடும் என்ற பயம். இலக்கியத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்டதும் பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் வடிவத்தைத்தான்!

வரலாறு அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. வரலாறு நடந்ததைச் சொல்கிறது, கவிதை நடக்கக்கூடியதைச் சொல்கிறது, ஆகவே கவிதை மேலானது என்று 2300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதினார். எனக்கு அந்த 'மேலானது' ஒட்டவில்லை. வேறொன்று சொல்கிறேன்.

1930களின் பிற்பகுதி. ஸ்டாலின் காலத்துக் கைதுகள். கவிஞர் அன்னா அக்மதோவா, கைதான மகனுக்காக லெனின்கிராடின் சிறை வாசலில் 17 மாதங்கள் வரிசையில் நின்றார். ஒருநாள் யாரோ இவரை அடையாளம் கண்டுகொள்ள, பின்னால் நின்ற, உதடுகள் நீலம் பாரித்த ஒரு பெண் காதோடு கேட்கிறாள்: இதை உங்களால் எழுத முடியுமா? முடியும் என்கிறார் அக்மதோவா. அந்தப் பெண்ணின் முகத்தில் புன்னகை மாதிரி ஏதோ ஒன்று வந்துபோனதாம். 'ரெக்வியம்' என்ற கவிதைத் தொடருக்கு முன்னுரையாக அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கவிதைகளைத் தாளில் வைத்திருப்பதே ஆபத்து. துண்டுத் தாளில் எழுதித் தோழியிடம் நீட்டுவார். தோழி படித்து மனப்பாடம் செய்ததும் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார். சில பெண்களின் நினைவில் மட்டுமே வருடக்கணக்கில் இருந்த கவிதைகள் 1963இல் மியூனிக்கில் அச்சாயின. சோவியத் மண்ணில் அச்சாக 1987 ஆனது.

எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களிலிருந்து எண்ணிச் சொன்னார்கள். அது செய்தே ஆக வேண்டிய வேலை; அதைக் கவிதை செய்யாது. ஆனால் வரிசையில் நின்ற அந்தப் பெண் எண்ணிக்கை கேட்கவில்லை. மகனையோ கணவனையோ மீட்க வழி கேட்கவில்லை. இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். யாரும் சொல்லாமல் போனால், தான் பட்டது பட்டதாகவே ஆகாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இலக்கியம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நீல உதடுகள்.

அப்புறம் அந்த ஆய்வு. நீங்கள் படித்தது 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்ததாக இருக்கும். இலக்கியப் புனைவில் சில பக்கங்கள் வாசித்தவர்கள், கண்கள் மட்டும் தெரியும் புகைப்படத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிப்பதில் மேம்பட்டார்கள் என்றது அது. என்னைப் போன்ற எழுத்தாளர்களுக்கு ஏக குஷி. பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை. சில பக்கத்தில் இளகி, சாயங்காலத்துக்குள் இறுகிவிடுகிற மனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இலக்கியம் மனிதரை நல்லவராக்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நான் நெளிவேன். நாஜி வதைமுகாம்களை நடத்தியவர்களில் ஜெர்மானிய மகாகவி கதேயை வாசித்தவர்கள் இருந்தார்கள்.

என் கதையையே சொல்கிறேன். இவான் இலியிச்சை நோயைவிட அதிகமாக வதைப்பது ஒரு பொய். அவர் சாகவில்லை, உடம்பு கொஞ்சம் சரியில்லை, அவ்வளவுதான் என்று வீடே சேர்ந்து நடிக்கும் பொய். வேலைக்காரப் பையன் கெராசிம் ஒருவன்தான் நடிப்பதில்லை. எஜமானரின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். 20 வயதில் படித்தபோது எனக்கு இந்தப் பகுதி சலிப்பாக இருந்தது. 41 வயதில், படுக்கையில் கிடந்த என் அப்பாவைச் சுற்றி நின்றுகொண்டு, "அடுத்த மாசம் எழுந்து நடந்துடுவீங்க" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். இருபது வருடம் மூடிக் கிடந்த பக்கம் அப்போது திறந்தது. அன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்காப்பா?" என்று கேட்டேன். "ம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அதனால் நான் நல்ல மகனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலை உறவினர்கள் வந்ததும் நானும் அதே பொய்யைச் சொன்னேன். பொய் என்று தெரிந்து சொன்னேன். அப்பாவுக்கும் தெரியும் என்று தெரிந்து சொன்னேன். இலக்கியத்தின் பயன் என்று என்னால் அடித்துச் சொல்ல முடிவது இவ்வளவுதான்.

நண்பரின் கோபத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இலக்கியம் புரிவதற்கென்று தனி மூளை கிடையாது. நீங்கள் வேகமாகப் படித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தகவலுக்காகப் படித்துப் பழகிய கண், 'சரி, அடுத்தது' என்று வாக்கியத்தின் முடிவுக்கு ஓடும். முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை, உதடு அசைய, மெதுவாகப் படியுங்கள். எதையும் எடுத்துக்கொள்ள முயல வேண்டாம். துக்க வீட்டிலிருந்து வெளியே வரும் பியோத்தர் இவானோவிச், நேராகச் சீட்டாடப் போகிறார். முதல் ஆட்டம் முடிகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்து, தானும் கலந்துகொள்கிறார். அந்த இடத்தில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வருகிறதா, இல்லை, அப்பாடா என்று இருக்கிறதா? எழுதுங்கள்.