மெட்டுப் போடுவது பயிற்சியால் வருமா, பிறவியிலேயே இருக்க வேண்டுமா?

கேள்வி: "கீபோர்டு ஓரளவு வாசிப்பேன். சொந்தமாக மெட்டுப் போட உட்கார்ந்தால் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. தினமும் ஏதாவது பயிற்சி செய்தால் இது வருமா?"

வரும். நான் தொழில்முறை இசையமைப்பாளன் இல்லை, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் கணக்குப் பார்க்கிறவன். சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கும் நண்பர்களின் குறும்படங்களுக்குமாக இதுவரை பதினொரு பாட்டு போட்டிருக்கிறேன். பதினொன்றும் முழுப் பாட்டு என்பதுதான் எனக்குப் பெருமை. ஏனென்றால் அதற்கு முன் என் கைப்பேசியில் 63 ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இருபது விநாடி, "தன னான னா" என்று ஒரு முணுமுணுப்பு, அப்புறம் ஒரு இருமல், முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாகப் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது: ஆரம்பிப்பதை 63 முறை பழகியிருக்கிறேன், முடிப்பதை ஒரு முறைகூடப் பழகவில்லை.

அதனால் முதல் பயிற்சி முடிப்பதற்கானது. எட்டு அட்சரத்தில், அதாவது தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், ஒரு கேள்வி, எட்டு அட்சரத்தில் ஒரு பதில். ஆதி தாளத்தில் இரண்டே ஆவர்த்தனம் (சுற்று). ராகம் மோகனமாக இருக்கட்டும், ஐந்து சுரம்தான், தடுக்கி விழ இடம் குறைவு. நான் எழுதியதில் ஒன்று:

க , ப த ப , க ரி
க , ப த ப க ரி ஸ

பாடிப் பாருங்கள். முதல் ஐந்து அட்சரம் இரண்டிலும் ஒன்றுதான். காற்புள்ளி என்பது கார்வை, முந்தைய சுரத்தையே ஓர் அட்சரம் நீட்டுவது. முதல் வரியில் 'ப'வுக்குப் பின் ஒரு கார்வை இருக்கிறது, அதனால் வரி 'ரி'யில் போய்த் தொங்குகிறது. இரண்டாவதில் அந்தக் கார்வையை எடுத்துவிட்டேன். கிடைத்த ஓர் அட்சரத்தில் 'ஸ' வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதுச் சுரம் எதையும் தேடிப் போகவில்லை, ஒரு காற்புள்ளியைத்தான் தூக்கினேன். மறுநாள் அதே கேள்விக்கு வேறு பதில், அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. நான்கைந்து பதில் வரை நம் கைக்குப் பழகியதே வரும். அந்தச் சரக்கு தீர்ந்த பிறகு எழுதுவதைக் கவனியுங்கள், அங்கேதான் ஏதாவது நடக்கும்.

அது அலுத்தால் ஸ, ரி, க மூன்றை மட்டும் வைத்து எழுதுங்கள். சுரத்துக்கு நகர இடமில்லாததால் தாளத்தில் வேலை செய்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிக்கொள்கிறேன். சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் பாட்டு வகுப்புக்குப் போனேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், எல்லாம் மூன்று காலத்திலும் (வேகத்திலும்). எதற்கு என்று ஆசிரியர் ஒரு நாளும் சொன்னதில்லை. பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைச் சாக்காக வைத்து நின்றுவிட்டேன். இப்போது அந்த நோட்டைப் பிரித்தால், துருவ தாள அலங்காரம் 'ஸரிகம கரி ஸரிகரி ஸரிகம' என்று போகிறது. அடுத்த வரியில் அதே உருவம் ஒரு படி ஏறி 'ரிகமப மக ரிகமக ரிகமப' ஆகிறது. ஒரு சின்ன உருவத்தை எடுத்து, அதன் சாயல் கெடாமல் படிப்படியாக நகர்த்துவது. பல்லவி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த வரிசைகளைத் தொண்டைக்கான பயிற்சி என்றே நினைத்திருந்தேன்!

சொல்லுக்கு மெட்டுப் போடுவது தனிப் பயிற்சி. தினமும் செய்தித்தாளில் ஒரு தலைப்பை எடுத்து, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தட்டிக்கொண்டே பாடுவேன். இதைத் தாமதமாகத்தான் தொடங்கினேன், அதற்கான தண்டனையும் கிடைத்தது. ஒரு குறும்படத்தின் சோகப் பாட்டில் "என்னை விடு" என்ற இடத்தில் 'வி'யை மேலே நிறுத்தி நான்கு அட்சரம் இழுத்திருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா வீடு? பிடிஓ கிடைச்சிடுச்சா?" என்றார். பிடிஓ என்பது இங்கே அரசாங்கத்திடம் விண்ணப்பித்து வாங்கும் புது அடுக்குமாடி வீடு. குறிலை இழுத்தால் நெடில்தானே. இழுக்க வேண்டுமென்றால் நெடிலில் இழுக்க வேண்டும், இல்லையென்றால் சொல்லையே மாற்றச் சொல்லிக் கவிஞரிடம் கெஞ்ச வேண்டும். நான் கெஞ்சினேன்.

மேற்கத்திய பக்கம், ஃபுக்ஸ் என்பவர் 1725இல் வெளியிட்ட பாடநூலின் முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கொடுத்த மெட்டுக்கு மேலோ கீழோ இன்னொரு குரல் எழுத வேண்டும்: முதலில் ஒரு சுரத்துக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, நான்கு என்று ஐந்து படி. இசையமைப்பாளர் ஹைடன் அதை வைத்துத் தானே படித்தார், பிறகு பீத்தோவனுக்கும் அந்த வழியிலேயே பாடம் சொன்னார். நான் மூன்று மாதம் முயன்றேன். தம்புராவின் ஸ-ப கேட்டு வளர்ந்த காதாயிற்றே, முதல் பக்கம் முழுக்க ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் பஞ்சமத்தை (ஸ-வுக்குப் ப போல) மேலே வைத்து எழுதிவிட்டேன். கேட்க அமோகமாக இருந்தது. விதிப்படி அத்தனையும் தப்பு. பஞ்சமங்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். பின்னணி இசை எழுதும் எண்ணம் இருந்தால் இதற்குள் போங்கள், மெட்டு மட்டும் போதுமென்றால் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் எங்கே என்பீர்கள். உட்லண்ட்ஸிலிருந்து வேலைக்குப் போக எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி நேரம் ஆகிறது. சுரம் எழுத வாத்தியம் வேண்டாம், கைப்பேசியில் எழுத்து இருந்தால் போதும். நெரிசலில் வாய்விட்டுப் பாட முடியாததும் நல்லதற்கே, மனதுக்குள் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். இரவில் கீபோர்டில் ஹெட்ஃபோன் மாட்டிச் சரிபார்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரருக்காக. முதல் சில மாதம் மனதில் கேட்டது ஒன்று, கீபோர்டில் வந்தது வேறொன்று. இப்போது பெரும்பாலும் பொருந்துகிறது.

பிறவித் திறமையைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. எங்கள் தேசிய கீதமான 'மஜுலா சிங்கப்பூரா'வுக்கு 1958இல் இசையமைத்த சுபிர் சயீத் பெரும்பாலும் தானாகவே கற்றவர் என்பது மட்டும் தெரியும்.

இன்றைக்கே தொடங்குவதென்றால் ஒரு கேள்வி வரி தருகிறேன். எங்கள் புளோக்கின் கீழே மரத்தில் விடியும் முன்பே ஒரு குயில் கத்தும், உங்கள் பேட்டையிலும் இருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் திட்டுகிறார்கள். "கூ-வூ" என்று ஒரே உருவத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் டக்கென்று நிறுத்திவிடும். அதற்குப் பதில் வரி எழுதிப் பாருங்கள். நான் ஐந்து எழுதிவிட்டேன், ஒன்றும் உட்காரவில்லை.