யாழ்ப்பாணத்தில் என் கந்தோரில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். சாப்பிட முன் சிலுவை அடையாளம் போடவே வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

நெற்றியைத் தடவுவதுபோலப் பாவனை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்துவிட்டுச் சிரித்தேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் உங்களைவிடக் கெட்டிக்காரன். முதலில் நெற்றி வியர்வையைத் துடைப்பேன், பிறகு சேர்ட்டின் நடுப் பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், இடது தோளில் ஏதோ தூசு, பிறகு வலது தோளிலும். நாலும் சேர்ந்தால் ஒரு சிலுவை அடையாளம். மூன்று வருடமாக இப்படித்தான் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

ஒருநாள் பக்கத்து மேசை அக்கா, திருநீறும் சந்தனமும் இல்லாமல் ஒருநாளும் வேலைக்கு வராதவர், கறியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி, ஒவ்வொரு நாளும் எறும்பு கடிச்ச மாதிரி ஏன் தட்டுறீர்? வடிவாக் கும்பிட்டிட்டுச் சாப்பிடுமன்.”

எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆக, எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. என் பெயரைப் பார்த்தாலே போதும், ஞானஸ்நானப் பெயர் முன்னுக்கு நிற்கிறது. மூன்று வருடமாக நான் யாருக்கு ஒளித்தேன்?

இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று பிறகு நிறைய யோசித்தேன். ஊரில் எங்களை வேதக்காரர் என்பார்கள், அதற்குள் சிலநேரம் ஒரு நக்கல் இருக்கும், உத்தியோகத்துக்காக மாறின சனம் என்று. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, அரச உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும், அதனால் பேருக்கு எடுத்துவிட்டு வீட்டுக்குள் பழையபடி கும்பிட்டவர்கள் ஏராளம், பிறகு ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பெரும்பகுதி சனம் சத்தமில்லாமல் அந்தச் சபையை விட்டுவிட்டது. (அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர் என்ற சொல் மட்டும் ஒல்லாந்தரிடமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது.)

அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். இங்கே யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது, வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. என்ன செய்தார் தெரியுமா? செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார், யாருடைய கண் அந்த மாலையில் போய் நிற்கிறது என்று பார்த்தபடி. அப்படித்தான் ஒளிந்திருந்த சனத்தைக் கண்டுபிடித்தார், பிறகு யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தில் தங்கினார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை வீட்டில் எல்லாரும் ரீவியில் பார்த்தோம். அப்போது இந்தச் செபமாலைக் கதை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கா அந்த எறும்புக் கதை சொன்ன பிறகுதான் உறைத்தது. வேடம் போட்டவர்கூட, தேடுகிறவனின் கண்ணில் படும்படி ஒன்றை வெளியே விட்டிருக்கிறார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திச் செபம் செய்யத்தானே யேசு சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு 6. சரி. ஆனால் அதே மலைப்பிரசங்கத்தில் ஒரு அதிகாரம் முந்தி, விளக்கைக் கொளுத்தி மரக்காலுக்குக் கீழே வைக்காதே என்றும் சொல்கிறார். அங்கே ஆட்கள் பார்க்கவேண்டியது எங்களுடைய நல்ல செயல்களை. நேரம் பிந்தி வந்துவிட்டு வரவுப் புத்தகத்தில் 8.30 என்று கையெழுத்து வைக்கிறவன் எவ்வளவு பெரிய சிலுவை போட்டாலும் பிரயோசனம் இல்லை (நானும் வைத்திருக்கிறேன்).

இன்னொன்று, வெட்கப்படாமல் இருப்பது வேறு, ஆட்களைப் பிடிப்பது வேறு. ஆஸ்பத்திரியில் ஏலாமல் கிடக்கிறவரின் தலைமாட்டில் நின்று, மாறினால் சுகம் வரும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். நவராத்திரிக்குக் கந்தோரில் வைக்கும் வாணி விழாவுக்கு நான் வாழை கட்டுவேன், கதிரை அடுக்குவேன், தேவாரம் பாடும்போது எழுந்து நிற்பேன், திருநீறு பூசமாட்டேன். அவலும் கடலையும் சாப்பிடுவேன். பெந்தக்கோஸ்து சபைக்குப் போகிற என் சித்தி தொடமாட்டார். சிலைகளுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பேசுகிற 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை நாங்கள் இரண்டு பேரும் எங்கள் எங்கள் பக்கத்துக்கு இழுப்போம், இன்னும் தீரவில்லை. விபூதிப் புதனன்று பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன், “எப்ப சைவத்துக்கு வந்தனீர்?” என்று கந்தோரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

போன ஆவணியில் கணக்குப் பகுதி ஐயா, வவுச்சரைத் தவிர என்னோடு ஒன்றும் கதைத்தறியாதவர், மேசைக்கு வந்து நின்றார். “தம்பி, நீர் மடுவுக்குப் போறனீர்தானே?” மன்னாரிலுள்ள மடு மாதா கோவிலைத்தான் சொன்னார். மகளுக்கு ஒப்பரேசனாம். ஐந்நூறு ரூபாவை நாலாக மடித்துத் தந்தார். “மாதாவிட்டை பிள்ளையின்ரை பேரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடும்.” பெயரைப் பழைய படிவமொன்றின் பின்பக்கத்தில், பிழை வராமல் இருக்க ஒவ்வொரு எழுத்தாக எழுதித் தந்தார். கொளுத்திவிட்டு வந்து மிச்சக் காசைக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.