பதினைந்து நிமிடம், நாலு நாள், ஒரு நாற்பது பக்க நோட்டு

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளை வளர்ப்பில் நெருக்கடி வரும்போது மனதில் உள்ளதை எழுதிப் பாருங்கள் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். அந்த நாலு வரி போதவில்லை என்பது வந்த கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்தது. பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

பையன் பிளஸ் டூ படிக்கறானுங்க. வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டறார். ரெண்டு மாசமா தறிக்குப் பாவு நூல் சரியா வர்றதில்லை, எட்டுத் தறியில மூணுதான் ஓடுது. பையன் செல்போனைத் தொட்டாலே எரிஞ்சு விழறேன். அப்பறம் ராத்திரி பூரா நானே நொந்துக்கறேன். எழுதுங்கன்னு சொல்றீங்க, என்னத்தைங்க எழுதறது?
– வாசகி, பல்லடம் பக்கம்

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து நாலு நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான் வேலை. ஆயுசுக்கும் டைரி எழுதச் சொல்லவில்லை.

இந்த அளவு 1986-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. மனதை அறுத்த சம்பவத்தையும் அதனால் உள்ளே எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. நடந்ததை மட்டும் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 'தறி நின்றது, வருமானம் பாதி' என்பதோடு நிறுத்தினால் அது வரவு செலவுக் கணக்கு. தறிச் சத்தம் நின்ற வீட்டில் மத்தியானம் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதும் காகிதத்தில் ஏற வேண்டும்.

நேரத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பையன் பள்ளிக்கூடம் கிளம்பி, அடுப்பு வேலை ஓய்ந்த காலை பத்து மணி உங்களுக்குச் சரிப்படும். படுக்கப் போகும் முன் எழுத வேண்டாம். கிளறிவிட்ட மனசோடு படுத்தால் தூக்கம் வராது. செல்போனில் பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, யாரும் கூப்பிட முடியாதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். அலாரம் அடிக்கும்வரை பேனா நிற்கக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லையா? கடைசியாக எழுதிய வரியையே மறுபடி எழுதுங்கள், மூன்றாவது தடவை எழுதும்போது அடுத்த வரி தானாக வந்துவிடும். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, சந்தி எதையும் பார்க்க வேண்டாம். நீங்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். புத்தகத் தமிழுக்கு மாற்றினால் பாதி உண்மை வடிந்துபோகும்.

முதல் நாள், இப்போது எது அழுத்துகிறதோ அதை. இரண்டாம் நாள், அதே விஷயத்தில் இன்னும் அடியில் போங்கள். செல்போனைப் பார்த்தால் ஏன் இவ்வளவு கோபம்? படிக்காமல் போய்விடுவானோ என்ற பயமா, நம்மை மாதிரியே தறிக்கு வந்துவிடுவானோ என்ற பயமா? மூன்றாம் நாள், நீங்கள் எரிந்து விழுந்த ஒரு சாயங்காலத்தைப் பையன் நின்ற இடத்தில் நின்று எழுதுங்கள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அவன் கண்ணில் என்ன பட்டது, காதில் என்ன விழுந்தது? நாலாம் நாள், மூன்று நாளும் எழுதியதைச் சேர்த்து, எதனால் எது வந்தது, இனி என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். முடித்ததும் முகத்தைக் கழுவி, பத்து நிமிடம் கைவேலை ஏதாவது பாருங்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டினாலும் சரி. எழுந்த கையோடு பையனைக் கூப்பிட்டுப் பேச உட்காராதீர்கள்.

உள்ளதை உள்ளபடி சொன்னால், பலன் சராசரியில் சிறியதுதான். 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அப்படித்தான் தெரிந்தது. காசு செலவில்லாத, பக்கவிளைவு குறைந்த ஒன்றுக்கு அது மோசமில்லை. ஆனால் பாவு வரவழைக்கவோ கடன் அடைக்கவோ எழுத்தால் ஆகாது. எரிந்து விழுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க அது உதவலாம்.

சொன்ன மாதிரியே ரெண்டு நாள் எழுதினேன். அழுகைதான் வந்தது. முன்னைக்கு இப்போ மோசமா இருக்குதுங்க. தொடரலாமா?
– வாசகி, கோபி

எழுதி முடித்த உடனே மனசு கனப்பது சகஜம். ஆய்வுகளிலும் எழுதியவர்கள் அன்றன்றைக்குச் சோர்வாகத்தான் இருந்தார்கள், நல்லது பின்னால்தான் தெரிந்தது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அந்தக் கனம் இறங்கிவிட்டால் பயப்படாமல் தொடரலாம். மறுநாள் வரை இறங்கவில்லை, சோறு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது என்றால் நிறுத்திவிடுங்கள், அல்லது வேறு சின்ன விஷயத்துக்கு மாறுங்கள். பேனாவை எடுக்கும்போதே 'இதை எழுதினால் தாங்க மாட்டேன்' என்று தோன்றினால் அன்றைக்கு அதை எழுதவே வேண்டாம்.

இன்னொன்றையும் நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு நாள் எழுதியதையும் எதிரெதிரே வைத்துப் படியுங்கள். முதல் நாள் இப்படி இருக்கும்: 'யாருக்கும் என் மேல அக்கறை இல்லை. நான் ஒருத்தியே எல்லாம் பார்க்கோணும். ஏன் எனக்கு மட்டும்.' இரண்டாம் நாளும் அதே மூன்று வரி வேறு சொல்லில் இருந்தால், எழுத்து செக்கு மாடாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். சுற்றச் சுற்ற வலி கூடும், வழி பிறக்காது. நடந்ததையே உருப்போடும் சுபாவம் உள்ளவர்களிடம் இது அதிகம். பலன் கிடைத்தவர்களின் எழுத்தில் நாள் ஆக ஆக 'அதனாலே', 'ஏன்னா', 'இப்பத்தான் புரியுது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போனதைச் சொல்லெண்ணிப் பார்த்த ஆய்வுகள் காட்டின. 'சீட்டுப் பணம் கட்ட முடியாமப் போன வாரத்துல இருந்துதான் நான் பிள்ளைகிட்ட கத்த ஆரம்பிச்சேன். ஏன்னா அவர்கிட்ட கத்த முடியலை' என்ற ஒரு வரி வந்துவிட்டால், அந்த ஒரு வரிக்காகத்தான் நாலு நாளும்.

சுற்றல் நிற்கவில்லையென்றால் 'நான்' என்பதை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். 'அன்னைக்குச் சாயங்காலம் சரசு அடுப்படியில நின்னுட்டிருந்தா' என்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரியின் கதையைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடியும். சுற்றலை உடைப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை என்பது எங்கள் கருத்து.

ஏழாவதோட நின்னுட்டேன். திருப்பூர்ல கட்டிங் வேலை. ஷிப்மென்ட் நேரத்துல பன்னெண்டு மணி நேரம் நிக்கோணும். எழுத உட்கார்ந்தா கை வலிக்குது, எழுத்தும் வர்றதில்லை. பேசிப் பதிவு பண்ணுனா ஆகாதா?
– வாசகர், திருப்பூர்

ஆகும். டேப் ரெக்கார்டரில் தனியாகப் பேச வைத்துச் செய்த ஆய்வுகளும் பலன் தந்திருக்கின்றன. வேலை முடிந்து போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, செல்போன் ரெக்கார்டரில் பதினைந்து நிமிடம் பேசுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே வேண்டாம். பேசும்போது வரும் ஒரே சிக்கல், நாம் வாட்ஸ்அப்பில் யாருக்கோ நியாயம் சொல்கிற தொனிக்குப் போய்விடுவது. எதிரே ஆள் இருப்பதாக நினைக்காமல் பேசுங்கள். முடித்ததும் அழித்துவிடுங்கள். அழித்தவை குப்பைத் தொட்டி என்ற இடத்தில் சில நாள் கிடக்கும், அங்கேயும் போய் அழிக்க வேண்டும். கைக்கு முடிகிற அன்று துண்டுக் காகிதத்தில் நாலே வார்த்தை எழுதினாலும் போதும்.

எங்க பாப்பாவுக்கு ஆட்டிசம், ஒன்பது வயசு. இது நாலு நாள்ல தீர்ற கஷ்டம் இல்லீங்க. ராத்திரி படுத்தா நாளைக்குத் தெரபி, ஸ்கூல், மாத்திரைன்னு ஓடிட்டே இருக்குது. எங்களை மாதிரிப் பெத்தவங்களுக்கு எழுத்து உதவுமா?
– வாசகி, ஈரோடு

உங்களுக்கு வேறு கணக்கு. நாலு நாள் எழுத்து நடந்து முடிந்த ஒன்றைச் செரித்துக்கொள்ள உதவும். நடந்துகொண்டே இருப்பதற்குச் சின்ன அளவில், வேறு விதமாக எழுத வேண்டும்.

ராத்திரிக்கு: படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுங்கள். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்ததில், நாளைய வேலையை எழுதியவர்கள், முடித்த வேலையை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஆகவே 'தெரபி' என்று விடாமல் '10.30 தெரபி, 9.40 பஸ், பையில் தண்ணி, மாத்துத்துணி, பொரி' என்று எழுதுங்கள். முன்னே படுக்கும் முன் எழுத வேண்டாம் என்றோமே என்று கேட்கலாம். அது மனக்காயத்துக்கு, இது வேலைப் பட்டியலுக்கு.

வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வாரம் நல்லதாகப் போன மூன்றை எழுதுங்கள். தினமும் எழுதினால் நாலாம் நாள் முதல் பரீட்சை விடை மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவோம். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 'புதன்கிழமை சந்தையில ஹாரன் சத்தம் கேட்டும் பாப்பா காதைப் பொத்திக்காம என் கையைப் புடிச்சா' என்றால், அது முழு வரி. கூடவே, அது நடப்பதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அதைத்தான் பெற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த வரி பின்னால் தெரபிஸ்டிடம் காட்டவும் உதவும்.

இதெல்லாம் இரண்டு மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைப்பதற்கு ஈடாகாது. அம்மிச்சியோ சித்தியோ வாரத்தில் ஒரு மத்தியானம் வர முடியுமா என்று கேட்பதை எழுத்துக்கு முன்னால் செய்யுங்கள்.

தம்பி மகன் பைக் விபத்தில் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. தம்பியும் அவன் சம்சாரமும் பேசுவதே இல்லை. எழுதச் சொல்லலாமா?
– வாசகர், நாமக்கல்

இப்போது வேண்டாம். அடி விழுந்த முதல் சில வாரங்களில் எழுதச் சொல்லித் தூண்டினால் காயத்தைத் தோண்டுவதாகவே முடியும். வேளைக்குச் சாப்பாடு, ராத்திரி துணைக்கு ஓர் ஆள், பேச வந்தால் கேட்க ஒரு காது, இவைதான் இப்போதைக்கு. சில மாதம் கழித்து அவர்களே மகனைப் பற்றி எழுத நினைத்தால் நோட்டு வாங்கிக் கொடுங்கள். 'நாங்களும் போயிடலாம்' என்ற மாதிரிப் பேச்சு ஒரு தடவை காதில் விழுந்தாலும் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கூட்டுக் குடும்பம். நோட்டு மாமியார் கையில சிக்குனா வீடு ரெண்டாயிரும்!
– வாசகி, பெயர் வேண்டாம்

கிழித்துவிடுங்கள். பலன் எழுதுவதால்தான் வருகிறது, வைத்துக்கொள்வதால் கூடுவதில்லை. யாராவது படிப்பார்களோ என்ற பயம் இருந்தால் உண்மையும் வராது. நோட்டே வேண்டாம். காலண்டர் தாளின் பின்பக்கம், மளிகைச் சீட்டு, எதில் வேண்டுமானாலும் எழுதி, நாலாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் எழுத்து கூழாகிவிடும். நாலு நாளும் சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டுமென்றால், அதுவரை ஒளித்துவைக்க உங்கள் பழைய பட்டுப்புடவைப் பெட்டி போதாது. பிள்ளையின் பழைய பாடநோட்டின் நடுப்பக்கங்களில் எழுதுங்கள், அதை யாரும் புரட்டுவதில்லை.

பத்து வயசுப் பையனையும் கூட உட்கார வெச்சு எழுத வைக்கலாமா?
– வாசகர், உடுமலை

கட்டாயப்படுத்த வேண்டாம், வீட்டுப்பாடமாகிவிடும். அவனாகக் கேட்டால் எழுதட்டும், வரையட்டும், எழுதியதை வாங்கிப் படிக்காதீர்கள். நீங்கள் எழுதியதையும் அவனிடம் காட்டக் கூடாது. அப்பாவின் கடன் பயத்தைச் சுமக்கிற வயசு அவனுக்கு ஆகவில்லை.